காட்டில் ஏறி, கால்வாயில் இறங்கி: ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு முழுநாள் சைக்கிள் சுற்று

கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்க வரும் நம்மவர்களிடம் எப்பிங் காடு எங்கே என்று கேட்டால், சென்ட்ரல் லைன் ரயிலின் கடைசி நிலையத்தைச் சொல்வார்கள். காட்டின் வடகோடி அங்கேதான். தென்கோடி தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. மேனர் பார்க் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்தால், பத்து நிமிடத்தில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற பெரிய புல்வெளி வந்துவிடும். அந்தப் புல்வெளியே எப்பிங் காட்டின் தெற்கு வாசல். அங்கிருந்து எப்பிங் ஊர் வரை சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு, சாலைகளாலும் வீடுகளாலும் அங்கங்கே அறுபட்டும் மறுபடி தொடர்ந்தும், ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் பரப்பில் காடு நீள்கிறது. அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி லீ ஆறும் அதன் படகுக் கால்வாயும் வடக்கிலிருந்து தெற்கே வருகின்றன. இரண்டையும் இணைத்தால் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் ஒரு சுற்று கிடைக்கிறது. ரயில் டிக்கெட் வேண்டாம், காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டாம்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்ஹாம், வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ், லேட்டன்ஸ்டோன், சிங்ஃபோர்ட், ஹை பீச், எப்பிங். அங்கிருந்து மேற்கே இறங்கி வால்தம் ஆபி. பிறகு லீ கால்வாய்க் கரையோடு தெற்கே ஓல்டு ஃபோர்டு வரை. கடைசியாகக் கிரீன்வே பாதையில் கிழக்கே திரும்பி ஈஸ்ட்ஹாம். மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டு வர ஒன்பது மணி நேரமாவது வேண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிறு ஒன்றில், விடிந்தவுடன், நானும் என் மனைவியின் தம்பியும் கிளம்பினோம். அவன் லண்டனுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கிடங்கில் இரவு வேலை, பகலில் தூக்கம் என்று இருந்தவன். இந்த ஊரில் மரம் என்றால் தெருவோர மரம்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும், ஆனால் அன்றைய நாள் முழுவதையும் அதுவே தீர்மானிக்கிறது. காட்டை முதலில், கால்வாயைப் பிறகு என்பதே என் உறுதியான கருத்து. காட்டில் ஏற்றம் உண்டு, சேறு உண்டு, வேர் உண்டு, வழி பிரியும் இடங்கள் நூறு உண்டு. அதற்குப் புதிய கால்களும் தெளிந்த தலையும் காலை வெளிச்சமும் வேண்டும். கால்வாய்க் கரை சமதளம். தண்ணீரை விட்டு விலகாமல் போனால் போதும், வழி தவறாது. களைத்த உடம்புக்கு அது தோதானது. இன்னொரு காரணமும் இருக்கிறது. கால்வாய்க்கு இணையாகவே ரயில் பாதை ஓடுகிறது. வால்தம் கிராஸ், என்ஃபீல்டு லாக், பிரிம்ஸ்டவுன், பாண்டர்ஸ் எண்ட், மெரிடியன் வாட்டர், நார்தம்பர்லேண்ட் பார்க், டாட்டன்ஹாம் ஹேல் என்று வரிசையாக நிலையங்கள். பிற்பகலில் யாருக்கேனும் முடியாமல் போனால் அருகிலிருக்கும் நிலையத்தில் ரயில் ஏறிவிடலாம். இந்தத் திசைக்கு எதிராக ஒரே ஒரு வாதம் உண்டு: இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. கால்வாயில் தெற்கே வரும்போது அது முகத்தில் அடிக்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். மாலை இருட்டில் காட்டுச் சேற்றில் வழி தேடுவதைத்தான் தாங்க முடியாது.

ஆல்டர்ஸ்புரூக் சாலையில் போகும்போது லண்டன் சிட்டி என்ற பழைய நகர்ப்பகுதியின் நிர்வாகத்துக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டத்தின் வாசலைக் கடக்கிறோம். இது 1856-ல் திறக்கப்பட்டது. இந்தக் காடு இன்று நமக்கு மிஞ்சியிருப்பதற்கு இந்தக் கல்லறைத் தோட்டமும் ஒரு காரணம் என்று சொன்னால் நம்புவது கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலப்பிரபுக்கள் காட்டைத் துண்டு துண்டாக வேலி போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். லவ்டன் என்ற ஊரில் தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகுவெட்டி, தங்கள் ஊராருக்குக் குளிர்காலத்தில் கிளை வெட்டும் உரிமை காலங்காலமாக உண்டு என்று சொல்லி வேலிக்குள் புகுந்து வெட்டினார். 1866-ல் அவர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அதற்காகச் சிறைக்குப் போனார்கள். இன்னொரு பக்கம், கல்லறைக்காக நிலம் வாங்கியதால் லண்டன் சிட்டி நிர்வாகத்துக்கும் காட்டில் மாடு மேய்க்கும் உரிமை கிடைத்திருந்தது. அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு 1871-ல் நிர்வாகம் வழக்குத் தொடுத்து, 1874-ல் வென்றது. 1878-ல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. வேலிகள் அகற்றப்பட்டன. காடு என்றைக்கும் அடைக்கப்படாமல் பொதுமக்களின் பொழுதுபோக்குக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டமானது. 1882 மே மாதம் விக்டோரியா அரசி ஹை பீச்சுக்கு வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார். அந்த மக்கள் யார்? கிழக்கு லண்டனின் நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்த தொழிலாளிகள். இன்று அந்தத் தெருக்களில் நாம் வாழ்கிறோம். அதனால்தான் நம்மவர்கள் இந்தக் காட்டுக்குள் வராமலிருப்பது எனக்கு உண்மையாகவே மனக்குறை.

வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் அந்த நேரத்தில் கால்பந்துக் கம்பங்களும் நாய்களும் மட்டுமே. வசந்தத்தில் வந்தால் ஒரு பகுதியைக் கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள். வானம்பாடிகள் அங்கே தரையில் கூடு கட்டுகின்றன. லண்டனுக்குள் வானம்பாடி முட்டையிடும் இடம் என்பதால் அந்தக் கயிற்றை மதித்துச் சுற்றிப் போக வேண்டும். அங்கிருந்து புஷ் வுட் வழியாக லேட்டன்ஸ்டோன், பிறகு ஹாலோ பாண்ட்ஸ் குளங்கள். சரளைக்கல் தோண்டிய பள்ளங்கள் குளமானவை அவை. பிறகு நார்த் சர்குலர் சாலைக்கு மேலே பாலம். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போக்குவரத்துச் சத்தம் காதை விட்டுப் போகாது. பொறுமையாகக் கடந்துவிட வேண்டும்.

ஹைம்ஸ் பார்க் ஏரி தாண்டிச் சிங்ஃபோர்ட் சமவெளியில் வெளியே வந்ததும் காட்சி மாறுகிறது. மேட்டின் மேல் வெள்ளைச் சுவரும் மரச்சட்டமுமாக ஒரு மூன்று மாடிக் கட்டடம். எட்டாம் ஹென்றிக்காக 1543-ல் கட்டப்பட்டது. வேட்டையை மேலிருந்து பார்ப்பதற்கான மேடை இது. இன்று எலிசபெத் அரசியின் வேட்டை மாளிகை என்று அழைக்கிறார்கள். பக்கத்தில் தேநீர்க் கடையும் கழிப்பறையும் இருக்கின்றன. கழிப்பறையைப் பற்றி எழுதத் தயங்கக் கூடாது. இந்த வழியில் அது எங்கெங்கே இருக்கிறது என்று தெரியாததாலேயே பெண்கள் பலர் வரத் தயங்குகிறார்கள். சிங்ஃபோர்ட், ஹை பீச், எப்பிங் கடைத்தெரு, வால்தம் ஆபி என்று காட்டுப் பாதியில் போதுமான இடங்கள் உண்டு. கால்வாய்ப் பாதியில்தான் இடைவெளி அதிகம்.

சிங்ஃபோர்டுக்கு வடக்கே உண்மையான காடு தொடங்குகிறது. ஓக், பீச், ஹார்ன்பீம் ஆகிய மூன்றே இங்கே முக்கிய மரங்கள். ஆனால் அவற்றின் உருவம் வேறெங்கும் பார்த்திராதது. ஆளுயரத்துக்குச் சற்று மேல்வரை ஒற்றைத் தடித்த அடிமரம், அங்கிருந்து பத்துப் பதினைந்து பெருங்கிளைகள் ஒரே இடத்திலிருந்து வானத்தை நோக்கிக் கிளம்புகின்றன. மைத்துனன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"அத்தான், இதை யாராவது இப்படி வளர்த்தார்களா, தானாக வளர்ந்ததா?"

வளர்த்ததுதான். வில்லிங்கேல் போன்ற ஊரார் விறகுக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மரத்தின் தலையை வெட்டினார்கள். தரையோடு வெட்டினால் புதுத் தளிரை மானும் மாடும் தின்றுவிடும், அதனால் அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினார்கள். வெட்ட வெட்ட மரம் சாகாமல் நூற்றாண்டுகள் வாழ்ந்தது. 1878 சட்டத்தோடு அந்த வெட்டு நின்றது. லவ்டன் மக்களுக்கு அதற்கு ஈடாக 1884-ல் லாப்பிங் ஹால் என்ற பொதுக் கட்டடம் கிடைத்தது. வெட்டு நின்றதால் கிளைகள் மரத்தின் சக்திக்கு மீறிப் பருத்துவிட்டன. இத்தகைய முது மரங்கள் இந்தக் காட்டில் 50,000-க்கும் மேல் இருக்கின்றன. பலத்த காற்று வீசும் நாளில் இவற்றின் கீழே நின்று இளைப்பாறக் கூடாது. காற்றில்லாத கோடை நாளிலும் பீச் மரத்தின் பெரிய கிளை திடீரென முறிவதுண்டு. சாப்பிட உட்கார வெட்டவெளியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழ்வான பகுதிகள் களிமண், மேட்டின் உச்சியில் கூழாங்கல்லும் மணலும். மழை பெய்து இரண்டு நாள் ஆனாலும் களிமண் காயாது. டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். மேட்டுப் பாதை மறுநாளே காய்ந்துவிடும். ஆகவே ஈரமான வாரத்தில் சரளை போட்ட அகலமான பாதைகளை மட்டும் பிடித்துக்கொண்டு மேட்டோடு போக வேண்டும். குறுக்குப் பாதைகள் ஆசை காட்டும், போகக் கூடாது. சேறான பாதையில் சைக்கிள் போனால் பள்ளம் விழுந்து, நடப்பவர்கள் அதைத் தவிர்க்க ஓரமாக நடந்து, பாதை அகன்றுகொண்டே போய் மரத்தின் வேர் மிதிபடுகிறது. காட்டுக்குச் செய்யும் கேடு அது.

சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. டயர் மட்டும் 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம் இருக்கட்டும், சற்றே மேடுபள்ளமான பிடிப்பும் இருக்கட்டும். தார்ச்சாலையில் வைக்கும் காற்றைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால் வேர்களின் மேல் துள்ளாமல் போகும். வேரை எப்போதும் நேர்குத்தாகக் கடக்க வேண்டும். ஈரமான வேரைச் சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், சீட்டில் உட்கார்ந்தபடியே சின்ன கியரில் மெதுவாக ஏற வேண்டும். இவற்றை மைத்துனனுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். ஃபேர்மீடு தாண்டிய ஏற்றத்தில் அவன் இறங்காமல் மேலே வந்து சேர்ந்தபோது அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அவன் அக்கா பார்த்திருக்க வேண்டும்.

ஹை பீச் தேநீர்க் கடையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். அங்கே சூடாகத் தேநீர் குடித்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து எப்பிங்தான். இந்தப் பகுதியில் வழி தவறாமல் இருக்க ஓர் எளிய உபாயம் உண்டு. எப்பிங் செல்லும் பெரிய சாலை காட்டின் முதுகெலும்பைப் பிடித்து வடகிழக்கே போகிறது. அதன் வாகனச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டால் திசை தெரிந்துவிடும். கைப்பேசி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, மரங்களுக்கு நடுவே சிக்னல் சில இடங்களில் நின்றுவிடும். லவ்டன் கேம்ப், ஆம்ப்ரஸ்பரி பேங்க்ஸ் என்று இரண்டு இரும்புக்கால மண்கோட்டைகள் காட்டுக்குள் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த மண் கரைகளின் மேல் சைக்கிள் ஓட்டத் தடை. இறங்கி நடந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். காளான் பறிக்கவும் தடை. இலையுதிர் காலத்தில் விதவிதமான காளான்கள் முளைத்துக் கிடக்கும், கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரணிப் புதர்களுக்குள் காலை விட்டால் உண்ணி ஏறும். அதன் கடியால் லைம் நோய் வரக்கூடும் என்பதால் நீண்ட காலுறை நல்லது. குதிரைகள் எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து, மணி அடிக்காமல், வாய்விட்டு வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. நீண்ட கொம்புடைய மாடுகள் மேயும் இடங்களும் உண்டு. சாதுவானவைதான், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே மட்டும் புகுந்துவிடக் கூடாது.

எப்பிங்கின் விளிம்பில் பெல் காமன் என்ற இடத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம். அதற்கு நேர் கீழே எம் 25 நெடுஞ்சாலை சுரங்கத்துக்குள் ஓடுகிறது. காட்டை வெட்டிச் சாலை போட அனுமதிக்காமல், தோண்டிச் சாலை அமைத்து, மேலே மூடி, மைதானத்தைத் திரும்ப வைத்தார்கள். அந்த மைதானத்தின் ஓரம் உட்கார்ந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். நீண்ட தூர மிதிப்புக்குப் புளியோதரையைப் போல் உகந்த உணவு வேறில்லை என்பேன். கெடாது, உப்பும் எண்ணெயும் சேர்ந்திருக்கும், ஆறினாலும் சுவைக்கும். சட்டைப் பையில் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு, பசிக்கும் முன்பே மணிக்கொரு தரம் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் கால்களுக்கு அது போய்ச் சேர அரை மணி நேரம் ஆகிறது.

எப்பிங்கிலிருந்து அப்ஷயர் வழியாக வால்தம் ஆபி வரை பெரும்பாலும் இறக்கம். இருபுறமும் முள்வேலிச் செடிகள் கொண்ட கிராமச் சாலை. இலையுதிர் காலத்தில் இயந்திரத்தால் இந்த வேலிகளைக் கத்தரிப்பார்கள், ஹாத்தார்ன் முட்கள் சாலை முழுவதும் சிதறும். "அத்தான், பின்சக்கரம் இறங்கிவிட்டது" என்று பின்னால் குரல் கேட்டபோது எனக்கு ஆச்சரியமில்லை. புது டியூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். வெறும் விரலால் தடவினால் முள் ஏறும், ஒரு துணியால் தடவினால் முள் இருக்குமிடத்தில் துணி மாட்டும். அப்படித் தேடி எடுத்த முள் அரை அங்குலம் இருந்தது. அதை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த திருப்பத்திலேயே மறுபடி உட்கார்ந்திருப்போம். இரண்டு டியூப், டயர் லீவர், பம்பு ஆகியவை ஆளுக்கொன்று என்றில்லாவிட்டாலும் குழுவுக்கு ஒரு செட் கட்டாயம். டியூபின் அளவு உங்கள் சக்கரத்துக்குப் பொருந்துகிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்தம் ஆபியில், 1066 ஹேஸ்டிங்ஸ் போரில் மாண்ட ஹெரால்டு மன்னன் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தேவாலயம் இருக்கிறது. என்னை இந்த ஊரில் கூடுதலாக ஈர்ப்பது வெடிமருந்து ஆலை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இங்கே வெடிமருந்து அரைத்தார்கள். மூத்த வில்லியம் காங்கிரீவ் என்ற அதிகாரி வற்புறுத்தி 1787-ல் அரசே இந்த ஆலையை வாங்கியது. அவருடைய மகன் இளைய காங்கிரீவ்தான் மைசூர்ப் படைகளின் ராக்கெட்டுகளைப் பின்பற்றி இங்கிலாந்தில் ராக்கெட் செய்தவர். 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதரின் படை கும்பினிப் படையை முறியடித்தபோது பாய்ந்தவை அந்த மைசூர் ராக்கெட்டுகள். ஆலையில் செய்த வெடிமருந்து படகில் ஏறி, நாம் இப்போது மிதிக்கப்போகும் இதே நீர்வழியில் தேம்ஸ் நதிக்குப் போனது.

இனி கால்வாய். நம் ஊரில் பெரும்பாலான கால்வாய்கள் பாசனத்துக்காக வெட்டியவை. இது சென்னையின் பக்கிங்காம் கால்வாய் போலச் சரக்குப் படகுக்கானது. லீ ஆற்றின் வளைவுகளைத் தவிர்த்து நேரான வாய்க்கால்களை வெட்டுவதற்கான சட்டம் 1767-ல் வந்தது. அதற்கு முன் ஆற்றை ஆராய்ந்து யோசனை சொன்னவர் ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர். ஹெர்ட்ஃபோர்டிலிருந்து தேம்ஸ் வரை நீர்வழி சுமார் 45 கிலோமீட்டர். நாம் போவது வால்தம் ஆபியிலிருந்து ஓல்டு ஃபோர்டு வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கரையில் நாம் ஓட்டும் பாதை, படகைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகள் நடந்த பாதை.

வழியில் வரும் ஏதேனும் ஒரு லாக்கில் படகு கடப்பதைக் காத்திருந்து பாருங்கள். நீர்மட்டம் இறங்கும் இடத்தில் இரண்டு முனைகளிலும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் மேல்கதவை மூடி, கீழ்க்கதவில் உள்ள சிறு மதகைச் சுழற்றித் திறப்பார்கள். தண்ணீர் வடிய, படகும் இறங்கும். இரு பக்கமும் நீர் சமமானதும் கீழ்க்கதவு திறக்கும். கதவுகள் மேல்நீரை நோக்கிக் கூம்பியபடி மூடுவதால், தண்ணீரின் அழுத்தமே அவற்றை இறுக்கிவிடும். பூட்டு எதுவும் தேவையில்லை. மைத்துனன் அங்கிருந்து நகர மறுத்தான். படகுக்காரர் கதவுக் கட்டையைத் தள்ள அவனையும் கூப்பிட்டார், முதுகைக் கொடுத்துத் தள்ளினான்.

என்ஃபீல்டு லாக் வந்தபோது அவனுக்கு இன்னொரு கதை சொன்னேன். இங்கே 1816-ல் தொடங்கிய அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 1988 வரை இயங்கியது. நம் ஊர்க் காவலர்கள் தோளில் மாட்டியிருந்த 303 ரைஃபிள் இங்கே உருவான லீ என்ஃபீல்டு. அதிலுள்ள லீ, வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயைக் குறிக்கிறது, பக்கத்தில் ஓடும் ஆற்றை அல்ல. 1890-களில் ரெடிச் ஊரிலிருந்த ஒரு சைக்கிள் நிறுவனத்துக்கு இந்தத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கிப் பாகங்கள் செய்துகொடுக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். 1901-ல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்தார்கள். ரெடிச்சில் உற்பத்தி என்றோ நின்றுவிட்டது, சென்னையில் இன்றும் நடக்கிறது. திருவொற்றியூரில் அப்பாவின் புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் உட்கார்ந்து வளர்ந்தவன் என் மைத்துனன். என்ஃபீல்டு லாக் பெயர்ப்பலகை முன் நின்று படம் எடுத்து உடனே தன் அப்பாவுக்கு அனுப்பினான்.

கரைப்பாதையில் முதலுரிமை நடப்பவர்களுக்கு. பின்னால் வரும்போது தூரத்திலிருந்தே மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, நன்றி சொல்லிக் கடக்க வேண்டும். பாலங்களுக்கு அடியில் கூரை தாழ்வு, வளைவில் எதிரே வருவது தெரியாது. அங்கே சந்தேகமிருந்தால் இறங்கித் தள்ளுவதே சரி. பாலத்தின் சரிவில் குறுக்காக வரிவரியாகச் செங்கல் எழும்பியிருந்தால், அது குதிரைக் குளம்பு வழுக்காமலிருக்க வைத்தது. நனைந்த நாளில் நம் டயர் அதில் சறுக்கும். தூண்டில்காரர்கள் மிக நீளமான கழியைப் பின்புறமாகப் பாதைக்குக் குறுக்கே இழுப்பார்கள். கழிக்குள் ஓட்டிப்போய்விட்டால் அவருக்கும் நஷ்டம், நமக்கும் காயம். தூரத்திலேயே நின்று, அவர் கழியை எடுக்கும்வரை காத்திருங்கள். படகுகளைக் கட்டிய இரும்பு முளைகளும் கயிறுகளும் பாதையோரத்தில் இருக்கும், அதனால் தண்ணீர் ஓரத்தை விட்டு விலகியே ஓட்டுங்கள்.

பாண்டர்ஸ் எண்ட் பகுதியில் இடப்பக்கம் கிங் ஜார்ஜ், வில்லியம் கிர்லிங் நீர்த்தேக்கங்களின் கரை பச்சைச் சுவராக நீண்டுகொண்டே வரும். வலப்பக்கம் கிடங்குகள், மின்கம்பிக் கோபுரங்கள், பிறகு எட்மன்டன் குப்பை எரியூட்டும் ஆலையின் புகைபோக்கி. காற்று நேர் முகத்தில். அழகை எதிர்பார்த்து வருபவர்கள் இந்தப் பகுதியைச் சலிப்பு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. லண்டன் குடிக்கும் தண்ணீரும் எரிக்கும் குப்பையும் எரியவிடும் விளக்கும் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதை வேறெந்தச் சாலையும் இவ்வளவு நேராகக் காட்டாது. இங்கே ஒருவர் பின் ஒருவராக, நெருங்கி, சில நிமிடங்களுக்கு ஒரு முறை முன்னவரை மாற்றிக்கொண்டு ஓட்டினால் காற்றின் சுமை பாதியாகத் தெரியும்.

ஸ்டோன்பிரிட்ஜ் லாக்கில் தேநீர். அதன்பின் தண்ணீரில் உயிர் கூடுகிறது. நாமக்கோழி, நீர்க்காகம், அசையாமல் நிற்கும் சாம்பல் நாரை. படகு வீடுகளும் நெருங்குகின்றன. நிலையான துறை இல்லாத படகுக்காரர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் பொதுவாக நிற்கக் கூடாது என்பது விதி. வாடகை தாங்காமல் படகுக்கு வந்தவர்கள் இதில் உண்டு. அவர்கள் வீட்டு வாசலில் நாம் ஓட்டுகிறோம் என்ற நினைப்பு இருந்தால் வேகம் தானாகக் குறையும். வால்தம்ஸ்டோ சதுப்பு நிலத்தில் ரயில் பாலத்தின் வளைவுகளைக் கடக்கும்போது மேலே பாருங்கள். 1909 ஜூலையில் ஏ.வி. ரோ தான் கட்டிய மூன்றடுக்கு இறக்கை விமானத்தை அந்த வளைவுக்குள் வைத்திருந்து இந்தப் புல்வெளியில் பறக்கவிட்டார்.

ஹாக்னி வந்தால் கூட்டம் பெருகும், பாதை குறுகும். இந்தப் பகுதியை வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள். இருட்டிய பிறகு கால்வாய்க் கரையில் கைப்பேசிப் பறிப்பு நடப்பதுண்டு. கைப்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டி வைக்காமல் உள்பையில் வையுங்கள். செப்டம்பர் முடிவில் ஏழு மணிக்குள் இருட்டிவிடும், டிசம்பரில் நான்கு மணிக்கே. ஆகவே குளிர்காலத்தில் இந்த முழுச் சுற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒலிம்பிக் பூங்காவின் ஓரம் ஓல்டு ஃபோர்டு லாக்கைத் தாண்டியதும் கிரீன்வே. மேடான, நேரான இந்தப் பாதைக்கு அடியில் ஓடுவது சாக்கடை. 1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகு ஜோசப் பசல்ஜெட் கட்டிய பெருங்குழாய்களின் முதுகு இது. வழியில் அரண்மனை போலத் தெரியும் ஆபி மில்ஸ் கட்டடமும் கழிவுநீர் இறைப்பதற்காகக் கட்டியதே. கோடையில் வாசனை கொஞ்சம் வரும். கார்கள் இல்லாமல் நேராக ஈஸ்ட்ஹாம் பக்கம் கொண்டுவந்து விடுவதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பராமரிப்புக்காகச் சில நேரம் ஒரு பகுதியை மூடியிருப்பார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை: குளிக்கும்போது முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது, அன்றிரவே சைக்கிளைக் கழுவுவது. களிமண் காய்ந்தால் கல்லாகிவிடும், செயினில் மணலோடு விட்டால் பற்சக்கரம் தேயும். குறைந்த விசையில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும்.

அறுபது கிலோமீட்டர் அதிகம் என்று தோன்றுபவர்களும், பிள்ளைகளோடு வர விரும்புகிறவர்களும் கால்வாய்ப் பாதியை மட்டும் செய்யலாம். சனி அல்லது ஞாயிறு காலை ரயிலில் சைக்கிளோடு வால்தம் கிராஸ் வரை போய், அங்கிருந்து கரையோடு டாட்டன்ஹாம் ஹேல் வரை வந்தால் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், முழுக்கச் சமதளம். வார இறுதியில் ரயில் பாதை வேலை நடக்கிறதா என்று மட்டும் முந்தின இரவு பார்த்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகள் எப்போதும் தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாகவும், பெரியவர் ஒருவர் அவர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவிலும் வர வேண்டும். லாக் கதவுகளின் மேல் ஏறிக் கடக்கப் பிள்ளைகளை விடக் கூடாது. காட்டுப் பாதியை மட்டும் விரும்பினால் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸிலிருந்து எப்பிங் வரை ஏறி, சென்ட்ரல் லைனில் சைக்கிளோடு லேட்டன் வரை திரும்பலாம். அதற்கு மேல் சுரங்கத்துக்குள் சைக்கிளை அனுமதிக்க மாட்டார்கள், லேட்டனில் இறங்கி வீட்டுக்கு மிதித்து வந்துவிடலாம்.